சத்தம் போடாத இரும்புப் புதிர்

மிஷன் வீதியில் இருக்கும் பரிசுக் கடையில், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தேங்காய் வாங்குகிறவன் போல இரும்புப் புதிர்களை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள். வளைந்த இரண்டு இரும்புத் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். மேசையில் வைத்துக்கொண்டு, கை சும்மா இருக்கும்போது உருட்டி உருட்டிப் பிரிக்க வேண்டும். எனக்கு வேண்டியது சத்தம் போடாத ஒன்று.

வாங்கியது அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்காவுக்காக. பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழிலும் தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சிலும் பெயர்த்துத் தருவது எங்கள் வேலை. பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பென்ஷன் கடிதம் என்று நாள் முழுக்க ஓடும். ஒரு தேதி தப்பினாலும் யாரோ ஒருவருடைய பயணம் நின்றுபோகும். அதனால் அக்கா ஒவ்வொரு வரியையும் மூன்று முறை படிப்பார். படிக்கும்போது பேனாவின் தலையைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருப்பார். டிக், டிக், டிக். பதினோரு வருஷம் கேட்டேன். பிறகு ஒருநாள், காகிதம் வாங்க வந்த இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, வெடித்துவிட்டேன்.

“அந்தப் பேனாவத் தூக்கிப் போடுங்கக்கா, மண்ட ஒடையுது!”

அவர் பேனாவை டிராயரில் போட்டு மூடினார். மறுநாள் மூடி போட்ட பேனா வந்தது. அதோடு நான் ‘தம்பி’யிலிருந்து ‘சார்’ ஆகிவிட்டேன். ஃபைலை நீட்டினால் “மெர்சி, சார்.” பிரெஞ்சு நாட்டுரிமை உள்ள குடும்பம், நன்றிக்குச் சொல்லும் மெர்சி அவர்கள் வீட்டில் நாளுக்கு நூறு தடவை புழங்கும் சொல்தான். எனக்கு அது முகத்தில் கதவைச் சாத்துவது போல இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். மூன்றாவது வாரம், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முன் அறையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டுவிட்டார் எனத் தெரிந்தது. நடுவில் வெள்ளிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். அதை விட்டால் வேறு வழியில்லை.

பாரிஸில் பாதிச் சொந்தத்தை வைத்திருப்பவருக்கு என்ன பரிசு வாங்குவது? சாக்லேட் அங்கிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது. சென்ட்டும் அப்படியே. வாசனை மெழுகுவத்தி அவருக்குத் தும்மல். புடவை வாங்கிக் கொடுத்தால் என் வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். அப்போதுதான் இந்தப் புதிர் தோன்றியது. கைக்கும் வேலை, என் காதுக்கும் ஓய்வு. முக்கால் பங்கு மன்னிப்பு, கால் பங்கு சுயநலம் என்று எனக்கே தெரிந்திருந்தது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. உள்ளங்கையில் கனமாக, குளிர்ச்சியாக உட்கார்ந்தது. ஆட்டினால் சத்தமே இல்லை. அதோடு பில் போட்டு வந்திருக்கலாம். ஆனால் பல்பு வாங்கினாலும் எரியவிட்டுப் பார்த்துத்தானே நமக்குப் பழக்கம்?

“டெஸ்ட் பண்ணிக் குடும்மா.”

“இது டெஸ்ட் பண்ற பொருள் இல்ல சார்.”

“கழண்டு வரலன்னா யாரு பொறுப்பு? வித்தா திரும்ப எடுக்க மாட்டோம்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க!”

அவள் முயன்றாள். கடைக்காரர் வந்து முயன்றார். வாழ்த்து அட்டை வாங்க வந்த ஒருவர், “குடுங்க இப்பிடி” என்று வாங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கால் மணி நேரம் கழித்து அது அவர் கையில் தானாகக் கழன்று விழுந்தது. கைதட்டினோம். “நல்ல ஐட்டம், பில் போடுங்க” என்றேன். அதன் பிறகுதான் அதை மறுபடி மாட்ட வேண்டும் என்பது எங்கள் நான்கு பேருக்கும் உறைத்தது. கடை மூடும் நேரம்வரை யாராலும் முடியவில்லை. அந்த மாதிரியில் வேறு கையிருப்பும் இல்லை. இரண்டு துண்டுகளாகவே பளபளக்கும் காகிதத்தில் சுற்றி வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்காவின் மேசையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தவர், “ஒடஞ்சிருக்கு சார்” என்றார். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். டெஸ்ட் பண்ணக் கேட்ட கதையில் அவர் உதடு கொஞ்சம் கோணியது. துண்டுகளைக் கையில் எடுத்து உரசிப் பார்த்தார்.

“சத்தம் வராததாப் பாத்து வாங்கினியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமாக்கா.”

“நீ கத்துனதுக்கு நான் கோவப்படல. அப்ப பதினோரு வருஷமும் என்னப் பொறுத்துக்கிட்டுதான் பக்கத்துல உக்காந்திருந்தியா? நான் என்னமோ நாம நல்லா இருக்கோம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“நல்லாத்தான்கா இருந்தோம். நான்தான் மொதல்லயே மெதுவா சொல்லியிருக்கணும். அந்தச் சத்தத்தயாவது பொறுத்துக்கிட்டேன். நீங்க முன் ரூமுக்குப் போயிட்டா என்னால தாங்க முடியாது.”

அவர் எழுந்து முதலாளி அறைக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நான் எங்கயும் போகல. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். புதன்கெழம புதன்கெழம மத்தியான சாப்பாட்டுல எனக்கும் ஒரு கரண்டி வக்கிறியே, அந்தக் கருவாட்டுக் கொழம்பு, அது எனக்கு ஆவவே ஆவாது. மூச்சப் புடிச்சிக்கிட்டு முழுங்குவேன். பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது மொகம் சுளிச்சிருப்பனா?”

அக்காவுக்குப் பிடிக்கும் என்று செவ்வாய்க்கிழமைதோறும் விடியலில் கடற்கரையோர வைத்திக்குப்பம் போய்க் கருவாடு பொறுக்கி வாங்கிக்கொண்டிருந்தவன் நான். எனக்குக் கருவாடு ஒன்றும் அவ்வளவு பிரியமில்லை.