வலது காலில் கியர்

இடைசெவலில் பருத்தி மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மூலையில் அந்த இங்கிலீஷ் பைக் சாய்ந்து கிடந்தது. ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சிசி, என்னைவிடப் பதினைந்து வயது மூத்தது. கிட்டங்கிக்காரர் பழைய இரும்புக்குப் போட இருந்தார். கோவில்பட்டியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற எனக்கு, ஓடாமல் நிற்கும் எதையும் விட்டுவிட்டு வர மனம் வராது. வாங்கி வந்துவிட்டேன்.

சரிசெய்ய ஒன்றரை வருடம் ஆனது. இறுகிப்போன பிஸ்டன், பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றிப் பத்து நாள் ஊறிய பிறகுதான் அசைந்தது. நம் ஊர் ஸ்பேனர் எதுவும் அதன் நட்டுகளில் சேரவில்லை. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவுக்கு நானே கம்பி சுற்றினேன். என்ஜின் முதன்முதலில் பிடித்த அன்று பக்கத்துக் கடை மெக்கானிக் சொன்னார்: "இதுல பிரேக்கு எடது கால்ல, கியரு வலது கால்ல. முப்பது வருசம் வலது கால்ல பிரேக்கு மிதிச்சுப் பழகுன காலு அண்ணாச்சி. அவசரத்துல அது ஒங்க பேச்சக் கேக்காது."

அன்றிலிருந்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் 'எடது, எடது' என்று முணுமுணுப்பேன். முன் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது. என் மனைவி அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். பைக்கில் விழுந்தவர்களைத் தினமும் பார்க்கிறவள். அவளும் பயந்தாள், ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்போதும்வென்றான் கிராமத்தில் அவளோடு வேலை பார்ப்பவர் வீட்டு ஞானஸ்நானத்துக்கு என் பின்னால் ஏறிக்கொண்டாள்.

முந்தின நாள் மழை. ஓடைப் பாலம் தாண்டித் திரும்பியதும் ரோடு முழுக்கச் செம்மறி ஆடுகள். நடுவில் ஓர் அம்மா, கையில் குட்டியோடு.

வலது காலை ஓங்கி மிதித்தேன். கியர் மாறியது, வண்டி நிற்கவில்லை. மறுபடியும் அதே காலைத்தான் மிதித்தேன். இன்னொரு கியர் ஏறியது. தப்பு என்று தெரிந்தும் கால் மாறவில்லை. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஹேண்டிலை ஒடித்தேன். அவள் சேலை என் முழங்கையில் உரசியது. வண்டி உளுந்துக் காட்டுக்குள் இறங்கி, கரிசல் சேற்றில் சக்கரம் புதைந்து எங்களைத் தூக்கிப் போட்டது.

சேறுதான் காப்பாற்றியது. மனைவிக்குச் சிராய்ப்பு, எனக்குக் காறை எலும்பு முறிவு. அவள் என் தோளைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா வரப்பில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று தலைகுனிந்தேன். "எப்படியும் நிப்பாட்டிருவீயன்னு நெனச்சேன். அதாம் நகரல" என்றாள். குட்டி அவள் கையில்தான் இருந்தது.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் நான்கு மாதம் வண்டியின் தார்ப்பாயைக்கூடத் தொட முடியவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். 'நிப்பாட்டிருவீயன்னு' என்ற சொல் கடையில் கம்பி சுற்றும்போதும் காதில் விழும்.

விற்றுவிடலாம் என்றேன். மனைவி சம்மதிக்கவில்லை. அவள் ஸ்கூட்டர் தவிர எதுவும் ஓட்டியதில்லை. "ஸ்கூட்டர்ல காலுக்கு வேலையே கெடையாது. மறக்க வேண்டியது எனக்கு ஒண்ணுமில்லல்லா? நான் ஓட்டுதேன்" என்றாள். மறுநாள் தார்ப்பாயை உருவினேன்.

ஒரு பழைய பருத்தி ஜின்னிங் மில் களத்தில் ஆறு வாரம் பழகினாள். ஒருமுறைகூடக் கால் தப்பவில்லை. இப்போது கிக்கர் உதைப்பது மட்டும் நான், ஓட்டுவது அவள். போன மாதம் பாஞ்சாலங்குறிச்சி வரை போய் வந்தோம். வழியில் மூன்று இடத்தில் ஆடுகள் குறுக்கே வந்தன. மூன்று தடவையும் அவள் தூரத்திலேயே மெதுவாக நிறுத்தினாள். நான் மட்டும் இறங்கி, கடைசி ஆடு ரோட்டைக் கடக்கும்வரை வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.