நாய்க் கண்காட்சியில் வாய் திறந்தவன்

எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. செஞ்சி கடைத்தெருவில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒரு காயில் சுற்றி முடிப்பதற்குள் நான்கு தரம் எழுந்துபோய் தெருவைப் பார்த்துவிட்டு வருவேன். இப்படிப்பட்ட ஆளுக்கு நாய்களைப் படம் பிடிக்கும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று என் மனைவி கேட்காத நாளில்லை. "நாயாவது சொன்னா நிக்குது. நீ நிக்கிறியா?" என்பாள்.

எல்லாம் புதுச்சேரியில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கேமராவால் வந்தது. கல்யாணம், காதுகுத்து எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. வரிசையாக நின்று சிரிப்பவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும். விழுப்புரத்துக்கு வேறு வேலையாகப் போன ஒரு நாள், பள்ளிக்கூட மைதானத்தில் நாய்க் கண்காட்சி நடப்பதைப் பார்த்து உள்ளே நுழைந்தேன். அன்று எடுத்த படங்களில் பாதி வால், மீதி நடுவரின் முதுகு. வீட்டுக்கு வந்து பார்த்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் அடுத்த கண்காட்சிக்கும் போனேன். அதற்கடுத்ததற்கும்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கயிறு கட்டிய சதுரத்துக்குள் வளர்ப்பவர் தன் நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிக் காட்ட வேண்டும். நடுவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார். கடைசியில் நாய் நான்கு காலையும் ஊன்றி, தலையைத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பதில்தான் பரிசு. கயிற்றுக்கு வெளியே இருப்பவர்கள் கூப்பிடக் கூடாது, விசிலடிக்கக் கூடாது, பிஸ்கட்டைக் காட்டக் கூடாது. மைக்கில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். நான் எங்கே காதில் வாங்கினேன்? மொபைலை ஸ்டாண்டில் மாட்டி வீடியோவுக்கு விட்டுவிட்டு, கேமராவோடு கயிற்றைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பேன்.

எங்கள் கடைக்கு எதிரே ஒரு பெண் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அவளிடம் ஒரு சிப்பிப்பாறை நாய் இருந்தது. ஒட்டிய வயிறு, நீளக் கால், பால்கோவா நிறம். கணவன் லாரி ஓட்டுபவன், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். குழந்தை இல்லை. ஊர்க் கடைசியில் தனி வீடு. அந்த நாய்தான் அவளுக்கு எல்லாம். அவலூர்பேட்டையில் வேர்க்கடலை போட்டிருக்கும் கணவனின் அண்ணன், காவலுக்கு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இவள் முடியவே முடியாது என்று நின்றாள்.

"ஒரு தரம் ஷோல நிக்க வெச்சி ஜெயிச்சிட்டா அவங்க வாய அடச்சிடலாம்ணா," என்றாள் ஒருநாள். எனக்குக் குஷி தாங்கவில்லை. சொந்த ஊரிலேயே ஒரு நாய் கிடைத்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கோட்டைக்குப் பின்னால் உள்ள பொட்டலுக்குப் போவோம். அவள் ஓட்டுவாள், நிறுத்துவாள். நான் எடுப்பேன். நாய் நன்றாகவே நின்றது. காதைத்தான் தூக்காது. காது பின்னால் மடிந்து கிடந்தால் படத்தில் அது நாயாகவே தெரியாது, திட்டு வாங்கியதைப் போல இருக்கும். அதனால் நாக்கை மடித்து 'டொக்' என்று ஒரு சத்தம் போட்டு, "தோ தோ" என்பேன். சடக்கென்று இரண்டு காதும் எழும்பும். க்ளிக். உடனே பாக்கெட்டிலிருந்து ஒரு பிஸ்கட். இப்படியே இரண்டு மாதம். நான் என்னமோ படம் எடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவள் நாயை என் பக்கம் பழக்கிக்கொண்டிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விழுப்புரத்தில் கண்காட்சி. அவள் புதுச் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். நாட்டு இனங்களில் கடைசிச் சுற்றுக்கு நான்கு நாய்கள் தேறின. அதில் இதுவும் ஒன்று. நல்ல வெயில். நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நாய் சிலையாக நின்றது. அவள் மூச்சுகூட விடவில்லை. ஆனால் காது? மடிந்தே கிடந்தது. கேமராவைக் கண்ணில் வைத்தபடி எனக்குக் கால் பரபரத்தது, கை பரபரத்தது. ஒரே ஒரு படம். காது மட்டும் எழுந்துவிட்டால் போதும். சும்மா இருக்குமா என் வாய்? "டொக். தோ தோ."

காது எழுந்தது. நான் அழுத்தினேன். அடுத்த நொடி அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நாய் நேராக என்னிடம் பாய்ந்து வந்து, என் பாக்கெட்டில் மூக்கை நுழைத்தது. சுற்றி ஒரே சிரிப்பு. நடுவர் ஏதோ எழுதினார். நான்கு நாய்க்கு மூன்று பரிசு. மற்ற மூன்று பேரும் ரிப்பனோடு நின்றார்கள். இவள் வெறுங்கையோடு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாயை ஏற்றவில்லை, ஒரு ஆட்டோ பிடித்தோம். "பாத்தீங்களாண்ணா? அத்தன பேர் எதுருல என்ன வுட்டுட்டு ஓடுச்சி," என்றாள். கூட்டத்தின் இரைச்சலில் என் சத்தம் அவள் காதில் விழவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லியே இருக்க வேண்டும். "வெயில் மா, மெரண்டுடுச்சி," என்று மென்று முழுங்கினேன்.

அன்று எடுத்த அந்தப் படம் இருக்கிறதே, என் வாழ்நாளிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். காது, கண், கழுத்து, எல்லாம் அப்படியே வந்திருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்தேன். காயிலில் சுற்றுக் கணக்கு தப்பியது. ஒரு விவசாயியின் மோட்டாரை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன்.

அவளோ வீடியோவைக் கேட்டாள். "நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்ணா." காப்பி ஆகவில்லை என்றேன். கார்டு பழுது என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் சத்தத்தை எடுத்துவிட்டு, மேலே ஒரு நாதஸ்வரத்தைப் போட்டு அனுப்பினேன். திருட்டுப் புத்தி! மறுநாள் காலை தெருவைத் தாண்டி வந்து நின்றாள்.

"இன்னாணா, கல்யாண வீடு மாதிரி இருக்குது? மேளத்த எடுத்துட்டுக் குடுங்க."

"பாக்கறேன் மா."

"வேணாம் வுடுங்க. என் பேச்சக் கேக்காத நாய வெச்சிக்கினு இன்னா பண்றது? அவலூர்பேட்டைக்கே குடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கெழம வண்டி வருது."

அன்று வெள்ளிக்கிழமை. அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையைத் திறந்தேன், மூடினேன், பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், திரும்பினேன். "இன்னா ஆச்சி உனக்கு?" என்று மனைவி கேட்டபோது சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "போய் அவகிட்ட சொல்லு. எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்?" என்றாள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் தையல் கடைக்காரியின் வீட்டில் இருந்தேன். கணவன் பனியனோடு பல் துலக்கிக்கொண்டிருந்தான். வண்டி இன்னும் வரவில்லை. நான் மொபைலை அவள் கையில் கொடுத்து, சத்தத்தை முழுதாக வைத்தேன். அன்று கடைசிச் சுற்றில் நான் மொபைல் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. டொக். தோ தோ. அப்புறம் க்ளிக். அப்புறம் சிரிப்பு.

திரும்பவும் வைத்துக் கேட்டாள். மூன்றாம் தரம் பாதியில் நிறுத்தினாள்.

"இது உங்க கொரலு."

"ஆமாம் மா. நான்தான் கூப்பிட்டேன். நாய் மேல தப்பே இல்ல."

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கண் சிவந்தது, அவ்வளவுதான். "இருவது நாளாக் கட்டிப்போட்டு வெச்சிருக்கேண்ணா," என்றாள். "ஒரு நாளுகூட அவுத்து வுடல. சோறு வெக்கறப்போகூட பேசல."

கணவனிடம் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். குழாயடிக்குப் பக்கத்தில் கம்பத்தில் நாயைக் கட்டியிருந்தாள். அதைச் சுற்றி, சங்கிலி எட்டும் தூரத்துக்கு, மண்ணில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றித் தூர எறிந்தாள். பிறகு கதவு வரை நடந்து வந்து, திரும்பி நின்று, "வாடி," என்றாள்.

நாய் எழுந்து வேகமாக வந்தது. அந்த வட்டத்தின் ஓரம் வரை வந்ததும் நின்றுவிட்டது. "வா, வாடி கண்ணு," என்று மறுபடி கூப்பிட்டாள். முன்காலைத் தூக்கியது. வட்டத்துக்குள்ளேயே திரும்ப வைத்தது. கண்காட்சி அன்றைக்கு ஆட்டோவிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இந்த வட்டமே விழுந்திருக்காது.

அவள் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. நடந்து போய், அந்தத் தடத்துக்கு உள்ளே, ஈர மண்ணில் நாயோடு உட்கார்ந்துகொண்டாள்.