தண்டவாளத்தை விட்டு இறங்கிய டிராலி

ஒலியுல்லா பாய்க்குச் சந்தேகம் பிறவிக் குணம். கடைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார்; பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார். கொடைக்கானல் பஜாரில் தைலமும் சாக்லேட்டும் விற்கும் அவர், ஒரு சாக்லேட் குறைந்தால் எலி தின்றதா, பக்கத்துக் கடை முருகவேல் தின்றாரா என்று நாள் முழுக்க யோசிப்பார்.

கடையின் நடுவே மேசைமேல் அவர் கையாலேயே செய்த குட்டி ரயில் இருந்தது. ஒரு ஸ்டேஷன், ஒரு கைகாட்டி சிக்னல், சுற்றி வரும் தண்டவாளம். ரயிலே ஏறாத ஊரில் அதைப் பார்க்கப் பிள்ளைகள் கூடினார்கள். ஆனால் பாயின் உயிர் கட்டைவிரல் அளவு டிராலியில்தான் இருந்தது. அதிகாரிகள் தண்டவாளத்தைச் சோதிக்கப் போன பழைய தள்ளுவண்டி அது. எஞ்சின் கிடையாது, நாலு சக்கரத்தின்மேல் ஒரு பெஞ்சு, வெயிலுக்குக் குடை, பின்னால் ஓடி ஓடித் தள்ளும் ஆட்கள். குடைக்கம்பி செய்வதற்கே பதினேழு தையலூசிகளை ஒடித்தார். இரண்டு மழைக்காலம் அதில் போயிற்று.

டிராலியை வைத்த மறுநாளே தொல்லை ஆரம்பம். ரயிலை நிறுத்திவிட்டு மதியம் லுஹர் தொழுகைக்குப் போய்த் திரும்பினால், ஸ்டேஷன் முன்னால் நின்ற டிராலி தண்டவாளத்துக்கு வெளியே ஓரமாகக் கிடந்தது. எடுத்து வைத்தார். அடுத்த நாளும் கிடந்தது. மூன்றாம் நாளும்.

முருகவேல்தான் என்று பல்லைக் கடித்தார். ஆனால் முருகவேல் ஒரு வாரமாகப் பழனியில். மிச்சம் குப்பம்மாள். கடையைக் கூட்டித் துடைப்பவள், பாய் பள்ளிவாசல் போகும்போது காவல் இருப்பவள். ஆறு வருடப் பழக்கம்தான், இருந்தால் என்ன? இன்று ஓரத்துக்கு நகரும் டிராலி நாளை பைக்குள் போகாதா? பிடிபட்டால் அன்றோடு வேலையை விட்டு அனுப்புவது என்று முடிவு கட்டினார்.

நாலாம் நாள் டிராலியின் அடியில் கரியைத் தடவிவிட்டுப் போனார். தொழுகையில் மனம் நிற்கவில்லை. திரும்பி வந்தபோது குப்பம்மாளின் விரல்நுனி கறுப்பாக இருந்தது.

“பையக் காட்டும்மா,” என்று வாங்கிக் கொட்டினார். நாலு பூம்பாறைப் பூண்டு, வெற்றிலைப் பொட்டலம், மூட்டுவலி மாத்திரை.

“அப்புறம் எதுக்கு டிராலியத் தொட்ட? நெசத்தச் சொல்லு.”

குப்பம்மாள் பொருள்களைப் பைக்குள் திரும்ப எடுத்து வைத்தாள். “கைகாட்டி எறங்கிக் கெடக்குல்ல பாய்? வண்டி வருதுன்னு அர்த்தம். நீங்க டிராலிய லைன்லயே விட்டுட்டுப் போறீங்க. வெரசா தூக்கி ஓரத்துல வைக்க வேண்டாமா?”

“இது பொம்மம்மா.”

“தெரியும்ங்க. கை கேக்க மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு டிராலி தள்ளுனவரு. ஒருநா வெள்ளனே, பனியில கைகாட்டி எறங்குனது யாருக்கும் தெரியல. மத்தவங்க குதிச்சுட்டாங்க. இவரு ஒத்தையில தூக்கப் பாத்தாரு. கால் போனது அன்னிக்குத்தான்.”

பாயை வெட்கம் பிடுங்கித் தின்றது. அழகாக இருக்கட்டும் என்றுதான் கைகாட்டியை இறக்கி ஒட்டியிருந்தார். பிளேடை எடுத்துப் பசையைச் சுரண்டி, அதன் கையை நேராக நிமிர்த்தினார்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “இப்பச் சரியா?”

குப்பம்மாள் குனிந்து பார்த்தாள். டிராலியைத் தானே எடுத்துத் தண்டவாளத்தில் வைத்தாள். “இப்ப நிக்கட்டும்ங்க.”

மறுநாள் தொழுகைக்குக் கிளம்பியவர் பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்தார். கல்லாவைப் பார்க்கவில்லை, குப்பம்மாளின் பையையும் பார்க்கவில்லை. கைகாட்டி இறங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.