பதினோராவது கேள்வி

எங்கள் தெருவின் சார்பில் அந்த விண்ணப்பத்தை எழுதியவன் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர் அப்பா ஒருவர்தான், அதுவும் வெள்ளையடிக்க. ஆகவே வீட்டுக்கு வருகிற காகிதம் எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். செல்போனும் என் பொறுப்பில்தான் இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்குத் தெற்கே, ஒரு பெரிய கண்மாயின் கரையை ஒட்டி இருக்கிறது. அந்தத் தண்ணீர் பாய்கிற வயல்கள் மேலத்தெருக்காரர்களுடையவை. எங்கள் தெருவுக்கு வயல் கிடையாது. எங்களுக்கு இருந்தது மடை. கரையிலிருந்து முப்பதடி தள்ளி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றுக்கு நேர்கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், கல்லில் ஒரு துளை. துளையை அடைத்தபடி ஒரு மரக்கட்டை. ஆள் முங்கிப்போய் அந்தக் கட்டையைப் பிடுங்கினால், தண்ணீர் கரைக்கு அடியிலேயே ஓடி மறுபக்கம் வாய்க்காலில் விழும். தலைமுறை தலைமுறையாக அதைத் திறந்து அடைக்கிற வேலை எங்களுடையது. அந்தக் காலத்தில் முங்கியவர், அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. அவருக்கு முன்னால் முங்கியவர் சின்னத்தாத்தா. கண் மங்கியபிறகு அவர் திருமங்கலத்துக்கு மகன் வீட்டோடு போய்விட்டார்.

கரையில் நாவல் மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது. அதுதான் மடையைக் காக்கிற சாமி, மடைக்கருப்பு. சுவரோ கூரையோ கிடையாது. முங்குவதற்கு முன்னால் பெரியப்பா கண்மாய் மண்ணைக் கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, அந்தக் கல்லைப் பார்த்து "எறங்கட்டுமா" என்று கேட்பார். பதில் வந்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். வந்தாற்போலத்தான் இறங்குவார்.

இதில் ஒரு கட்டு உண்டு. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பதினாறு நாள் எங்களில் யாரும் மடையைத் தொடக் கூடாது. நான் மூன்றாவது படிக்கும்போது ஒரு பங்காளிக் கிழவி இறந்ததற்கு, நெல் பால்பிடிக்கிற நேரத்தில் மடை அடைத்தே கிடந்தது. மேலத்தெரு முழுக்கத் திரண்டு வந்து வாசலில் நின்று ஏசியது. பெரியப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. பதினேழாம் நாள் காலையில்தான் எழுந்தார்.

விண்ணப்பத்தை எங்கள் அறிவியல் டீச்சர் கொண்டுவந்தார். நீர்நிலையைப் பரம்பரையாகப் பார்த்துவருகிறவர்களே, காண்ட்ராக்டர் யாரும் இல்லாமல், தங்கள் முறைப்படி அதைச் சீர்செய்துகொள்ளப் பணம் தருகிற அமைப்பு ஒன்று இருக்கிறதாம். மடைக்கல் ஒருபக்கம் சரிந்திருந்தது. துளையைச் சுற்றி மண் மேடேறியிருந்தது. நாவல் மரத்தடிக் கரை அரித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கேள்விகள். நான்காவது கேள்வி, பொறுப்பாளர் யார் என்பது. "எங்கள் பெரியப்பா" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். எனக்கு அது முழுமையான பதிலாகத்தான் பட்டது.

பதினோராவது கேள்வியில் தடுக்கி நின்றேன். இத்திட்டத்தில் உங்கள் தரப்பின் பங்களிப்பு என்ன?

அப்பாவிடம் கேட்டேன். "நம்மகிட்ட என்னடா இருக்கு. ஒண்ணும் இல்லன்னு எழுது" என்றார்.

பெரியப்பா பீடியை அணைத்தார். "அப்படி எழுதாத. எடம் விட்டுவை. பெறகு பாப்போம்."

இடம் விட்டேன். அப்படியே அனுப்பியும்விட்டோம்.

மேலத்தெருவில் ஒரு காண்ட்ராக்டர் இருந்தார். பெரியப்பாவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் பெரியப்பா அவரை "அண்ணே" என்பார், அவர் பெரியப்பாவை "ஏப்பா" என்பார். எங்கள் ஊரில் வயது அப்படித்தான் ஓடும். பணம் எங்கள் தெருவுக்கு வரப்போகிறது என்ற பேச்சு அவர் காதுக்கு எட்டியது. "அந்தப் பொந்துக்குள்ள இப்ப எவன் முங்குறான்? எல்லாம் கட்டுக்கதை. இரும்பு ஷட்டரப் போட்டா சோலி முடிஞ்சது" என்று டீக்கடையில் சொன்னவர், அதையே அமைப்புக்கும் கடிதமாக எழுதிவிட்டார். அவர்கள் பதில் எழுதினார்கள்: தை மாதத்தில் இன்ன தேதி காலை பத்து மணிக்கு வருகிறோம், மடையைத் திறந்து காட்டுங்கள், அந்த வாரமே முடிவு செய்கிறோம்.

வீடு வீடாகப் போய் அந்தக் கடிதத்தை வாசித்தேன். சில வீடுகளில் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

அந்த நாளும் வந்தது. காலை ஏழு மணி இருக்கும், செல்போன் அடித்தது. திருமங்கலத்துச் சித்தப்பா, சின்னத்தாத்தாவின் மகன்.

"டேய், அப்பா எங்க? தாத்தா தவறிட்டாருடா. விடியக்காலம். அப்பாட்டயும் பெரியப்பாட்டயும் சொல்லி உடனே கெளம்பச் சொல்லு."

"சரி சித்தப்பா" என்றேன்.

அப்பா உள்ளே இருந்து, "யாருடா?" என்றார். வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் சாணம் தெளித்து, வருகிறவர்களுக்காக எங்கிருந்தோ நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

"போன் கம்பெனிக்காரன்பா. பாட்டு வைக்கவான்னு கேக்குறான்."

"வேணாம்னு சொல்லு."

"சொல்லிட்டேன்" என்றேன். செல்போனை அணைத்து டவுசர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

என் கணக்கு எளிமையானது. தீட்டு என்பது தெரிந்தால்தானே தீட்டு. மத்தியானம் வண்டி கிளம்பினதும் செல்போனைப் போட்டு, இப்போதுதான் வந்தது என்று சொல்லிவிடலாம். சின்னத்தாத்தா எப்படியும் செத்துவிட்டார், அரை நாளில் அவருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். பல் தேய்க்கும்போதும் பழையதைப் பிசையும்போதும் அதையே நினைத்தேன்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஓர் அம்மாவும் இரண்டு ஆண்களும் இறங்கினார்கள். கரை நிறைய ஆட்கள். எங்கள் தெரு ஒரு பக்கம், மேலத்தெரு ஒரு பக்கம், நடுவில் காண்ட்ராக்டர் கூலிங்கிளாஸோடு. அதிகாரிகளுக்கு முன்னால் அப்பாவுக்குப் பேச்சுத் தடுமாறும் என்பதால், மடை எப்படி வேலை செய்கிறது என்று எழுதிவைத்து வாசிக்கிற பொறுப்பு எனக்கு. வாசித்தேன். நடுவில் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்துவிட்டேன். அந்த அம்மா என் தோளைத் தட்டி, "பயப்படாத தம்பி. நல்லா எழுதியிருக்க. பதினோராவது கேள்விதான் காலியா இருக்கு" என்றார்.

"எடம் விட்டுருக்கோம்" என்றேன். அவர் சிரித்தார்.

பெரியப்பா அப்போதுதான் கரையேறி வந்தார். தலை ஈரமாக இருந்தது. வேட்டியிலும் ஈரம். முங்கப் போகிறவர் எதற்கு முன்கூட்டியே குளித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஒரு நொடி தோன்றியது, பெரிய ஆட்கள் வருகிற நாள், அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நாவல் மரத்தடிக்குப் போனார். கல்லுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றார். குனியவில்லை. மண் எடுக்கவில்லை. சும்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் திரும்பித் தண்ணீரில் இறங்கினார்.

தூண்வரை நீந்தினார். ஒரு கையால் கல்லைப் பிடித்து மூச்சிழுத்தார். முங்கினார்.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எண்ணுவது பழக்கம். வழக்கமாக முப்பத்தைந்து, அதிகம் போனால் நாற்பது. அதற்குள் தூணுக்குப் பக்கத்தில் குமிழி கிளம்பும், பெரியப்பாவின் தலை தெரியும். அன்று நாற்பது தாண்டியது. ஐம்பது. பிள்ளைகள் எண்ணுவதை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நான் நிறுத்தவில்லை. எழுபது.

"என்னப்பா, படுத்துத் தூங்கிட்டாரா?" என்றார் காண்ட்ராக்டர். மேலத்தெருப் பக்கம் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எண்பது. தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அந்த அம்மா, "யாராவது கூட இறங்குங்களேன்" என்றார். பெரியப்பாவின் மகன், என் அண்ணன், சட்டையைக் கழற்றினான். அவனுக்கு நீந்தத் தெரியும், முங்கிப் பழக்கமில்லை. அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். தொண்ணூறு.

கருப்பு பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. பிடித்துக்கொடுத்தவன் நான்.

"அப்பா, சின்னத்தாத்தா செத்துப்போச்சுப்பா" என்று கத்தினேன். "காலையிலயே போன் வந்துச்சு. நான்தான் சொல்லல. தெரியாம எறங்கிட்டாருப்பா, தூக்குங்கப்பா."

கரை முழுக்கக் கேட்டது. அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதில் கோபம் இல்லை. நான் என்ன மொழியில் பேசுகிறேன் என்று தெரியாதவர்போல் பார்த்தார்.

அந்த நேரம்பார்த்துக் கரைக்கு மறுபக்கம் வாய்க்காலில் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. தூணுக்குப் பக்கத்தில் பொளபொளவென்று குமிழிகள். அப்புறம் பெரியப்பாவின் தலை.

அவர் நீந்திக் கரைக்கு வந்துசேர்ந்தார். முழங்காலில் ஊன்றி உட்கார்ந்தார். விரல் நகங்களில் ரத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே அந்த அம்மாவைப் பார்த்து, "கட்டைக்கு மேல முழங்கை ஒசரம் மண்ணு ஏறிக்கெடக்கும்மா. அள்ளிட்டுப் புடுங்க வேண்டியதாப் போச்சு. இதுக்குத்தான் உங்ககிட்டக் கேட்டுருக்கோம்" என்றார்.

அந்த அம்மா குறிப்பேட்டை எடுத்தார். காண்ட்ராக்டர் விடவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். பங்காளி பொணம் வீட்டுல கெடக்கு, தீட்டோட மடையத் தொட்டுருக்காய்ங்க. இந்தத் தண்ணி பாஞ்சா வயலுக்கு ஆகுமா? இவய்ங்க கையிலயா மடையக் குடுக்கப் போறீக?"

"என் வயல்ல இந்தத் தண்ணிய விடமாட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மேலத்தெரு முழுக்க முணுமுணுப்பு. அந்த அம்மா எழுதுவதை நிறுத்தினார். "ஊர்ல ஆட்சேபணைன்னா நாங்க அதை எழுதித்தான் ஆகணும். ஊர் சம்மதம் இல்லாம இந்தப் பணம் வராது" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எங்கள் தெருப் பெண்கள், கரைக்குக் கொண்டுவந்து போட்டிருந்த அந்த இரவல் நாற்காலிகளைப் பார்த்தார்கள்.

"சின்னப் பய பயத்துல கத்திட்டான். அவன்மேல போடாதீக" என்றார் பெரியப்பா. "எனக்குத் தெரியும். வெள்ளனயே தெரியும். தெரிஞ்சுதான் எறங்குனேன்."

என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியப்பா எழுந்து காண்ட்ராக்டருக்கு நேராக நின்றார். "கருப்புகிட்ட நான் கேக்கல. கேக்காமத்தான் எறங்குனேன். அப்ப குத்தம் எனக்குத்தான், ஊருக்கு இல்ல, என் தெருவுக்கும் இல்ல. இன்னியோட நான் மடையத் தொடல. கருப்பு முன்னால நிக்கவும் மாட்டேன். பதினாறு கழிச்சு என் மகன் பழகிக்கிருவான். போதுமா தம்பி?"

அவர் அந்த மனிதரைத் தம்பி என்றதை அன்றுதான் முதல்முறை கேட்டேன். காண்ட்ராக்டர் கூலிங்கிளாஸைக் கழற்றினார், பிறகு மாட்டிக்கொண்டார். மேலத்தெருப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டு, "அவன்தான் ஏத்துக்கிட்டான்ல. விடுங்கப்பா, தண்ணி வீணா ஓடுது" என்று மண்வெட்டியோடு வயலைப் பார்க்க நடந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

திருமங்கலம் போகும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நாகமலை புதுக்கோட்டை தாண்டும்போது, "கம்பெனிக்காரன்னு சொன்ன" என்றார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான்.

சாவு வீட்டு வாசலில் சித்தப்பா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கெளம்பிட்டீகளான்னு கேக்கலாம்னு போட்டா ஓம் போனு அணைஞ்சு கெடந்துச்சுண்ணே. பெறகு உங்க ஊரு டீக்கடைக்குப் போட்டுப் பெரியண்ணன வரச் சொல்லிப் பேசுனேன். எட்டு மணி இருக்கும். 'மத்தியானத்துக்கு மேல வாரோம், தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன்'னு வச்சுட்டாரு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பெரியப்பா முந்தின பஸ்ஸிலேயே வந்து, உள்ளே சின்னத்தாத்தாவின் கால்மாட்டில், அதே ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பெரிய நிம்மதி. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஆக என்மேல் குற்றம் இல்லை. செல்போனை நான் அணைக்காமல் இருந்திருந்தால் அந்தச் செய்தி அப்பாவுக்கு வந்திருக்கும், வீட்டில் எல்லோரும் கூடிப் பேசியிருப்பார்கள், என்ன செய்வது என்பதை ஒற்றை ஆளாக நின்று அவர் தீர்மானிக்க வேண்டி வந்திருக்காது என்பதெல்லாம் எனக்கு எட்டவில்லை.

பணம் வந்தது. எங்கள் தெரு ஆட்களே மண் அள்ளினார்கள், கல் நிமிர்த்தினார்கள், நாவல் மரத்தடிக் கரையைக் கட்டினார்கள். பெரியப்பாவும் கூடை சுமந்தார், மரம் இருக்கும் பக்கம் மட்டும் போகவில்லை. புது மடையை அண்ணன் முதல்முறை திறந்த அன்று எல்லோரும் கரைமேல் நின்றோம். பெரியப்பா கரைக்கு மறுபக்கம், தண்ணீர் வந்து விழுகிற வாய்க்காலில் தனியாக நின்றிருந்தார். நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

"இனிமே மார்கழிக் குளுருல முங்க வேணாம்ல பெரியப்பா" என்றேன்.

"ஆமாடா, தப்பிச்சேன்" என்றார்.

அப்போது அமைப்பிலிருந்து எங்கள் விண்ணப்பத்தின் நகல் ஒன்று வந்திருந்தது. அதைச் சட்டைப்பையிலேயே வைத்துத் திரிந்தேன். நான் காலியாக விட்ட இடத்தில் யாரோ நீல மையில் 'உடலுழைப்பு' என்று எழுதி நிரப்பியிருந்தார்கள். பதினோராவது கேள்வியையும் பதிலையும் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரியாத்தான் போட்டுருக்காக" என்றார்.

எழுத்து கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே. அன்று நானும் சரி என்றுதான் நினைத்தேன்.