சுவருக்கு ஊற்றிய கஞ்சி

எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து ஒரு கை வெளியே வந்து, கஞ்சிச் சொம்பை வாங்கிக்கொண்டு திரும்பச் சுவருக்குள்ளேயே போனதை நான் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். "உங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்" என்பார். அவர் அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சுவர் என்றால் அவருக்குச் சுண்ணாம்பும் காலண்டரும்தான். சிரிக்கட்டும். பார்த்தது நான்.

குமராட்சியைத் தாண்டி, கொள்ளிடக் கரையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. கடலூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்து போன பயமே ஜனங்களுக்கு இன்னும் தெளியாத நேரம். அதற்குள் சிக்குன்குனியா வந்து சேர்ந்தது. பெயரில் கோழி இருப்பதாக எவரோ கிளப்பிவிட, ஊரில் கோழி அடிப்பதை நிறுத்தினார்கள். கோழிகளுக்குக் கொண்டாட்டம். காய்ச்சலுக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. தெரு தெருவாக, வீடு வீடாக ஆளைச் சாய்த்துக்கொண்டே போனது.

மற்றக் காய்ச்சல் மாதிரி இல்லை அது. முந்தின நாள் நெல் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அப்பா, ஒரு காலையில் கூடத்திலிருந்து வாசலுக்குக் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, விளையாடுகிறார் என்று. முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியவர்கள் எல்லோருமே இப்படித்தான் ஆகியிருந்தார்கள். குனிந்தவர் நிமிர முடியாது. உட்கார்ந்தவர் எழ முடியாது. விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுபோயின. பிள்ளைகள் எங்களுக்கு ஓரிரு நாளில் சரியாகிவிட்டது. அதனால் தெருவில் நிமிர்ந்து நடப்பது நாங்கள் மட்டும்தான் என்று ஆயிற்று. பெரியவர்களையெல்லாம் எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டு, அவர்கள் மாதிரியே வேறு யாரையோ அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு பயம் இருந்தது.

உடம்பில் செம்புள்ளி வேறு போட்டதால் ஆத்தா வந்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, எல்லா வாசலிலும் வேப்பிலை சொருகினார்கள். அம்மை கண்ட வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள், பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், தாளிக்கமாட்டார்கள். ஊரே அம்மை வீடானால் எப்படி இருக்கும்? உச்சிவேளையில் மினிபஸ் வந்து நிற்கும். ஹாரன் அடித்துப் பார்க்கும். யாரும் ஏறாமல், யாரும் இறங்காமல் திரும்பிப் போகும். அது போன பிறகு வீட்டுக்கு வீடு முனகல் மட்டும் கேட்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும், வேப்பிலை காய்ந்து சரசரக்கும். எனக்கு இருட்டைவிட அந்த மத்தியானம்தான் பயம்.

அந்த மாதம்தான் அரசாங்கம் காய்ச்சல் கண்ட ஊர்களுக்கு, வழக்கமான ரேஷனுக்கு மேலே கூடுதலாக அரிசி கொடுத்தது. கடைக்கு வர யாருக்கும் கால் இல்லை என்பதால் கடைக்காரரே டிராக்டரில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். அவரும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தார். எங்கள் வாசலில் அரிசியை இறக்கிவிட்டு, உள்ளே படுத்திருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"கார்டு இன்னும் பிரிக்கலயே. உங்க அண்ணி பேரும் இதுலதான் இருக்குது. அவுங்களுக்கும் சேத்துதான் இந்த அரிசி."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அம்மாதான் அவசரமாக, "அவுங்க ஊர்ல இல்லீங்க. மவன் வந்து சிதம்பரம் ஆசுபத்திரிக்கு இட்டுட்டுப் போயிட்டானாம்" என்றாள். தெருவில் அப்படித்தான் பேச்சு. கடைக்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணி என்று அவர் சொன்னது என் பெரியம்மாவை. ஒரே ஓட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியம்மா. நிலத்தகராறு முற்றிக் கிடந்த சமயத்தில் பெரியப்பா இறந்துபோனார். எம் புருசன் செத்ததே உன்னாலதான் என்று ஊர் நடுவில் கத்தி, பெரியம்மா அப்பாவைப் பாடைக்குத் தோள் கொடுக்க விடவில்லை. கூடப்பிறந்த அண்ணனைத் தூக்க முடியாமல் அப்பா ஓரமாக நின்றாராம். அன்றைக்கே வீட்டுக்கு வந்து சூடம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். இந்த வீட்டு அடுப்பில் வெந்தது ஒரு பருக்கை அவுங்க வாய்க்குப் போனால் எம்புள்ள எனக்கில்ல என்று. அந்தப் புள்ள நான்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இத்தனைக்கும் பெரியம்மா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அப்பாவுக்கு அரைக்கால் சட்டை வயசு. தாய் இல்லாத பிள்ளை. சோறு உருட்டிப் போட்டு வளர்த்ததெல்லாம் அந்த அண்ணிதான். அம்மா இதை அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்வாள்.

கூடுதல் அரிசி வந்த அன்று அம்மா கஞ்சி வைத்தாள். அவளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது, விரல்தான் மடங்கவில்லை. பானையை நான்தான் இறக்கினேன். ரேஷன் அரிசிக்கு என்று ஒரு வாடை உண்டே, அது கூடம் முழுக்க நிறைந்தது. அப்பா குடித்துவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அப்போதுதான் சுவர் சுரண்டியது.

ஆமாம், சுவர்தான் சுரண்டியது. நகத்தால் மண்ணைக் கீறுகிற சத்தம். கொஞ்சம் கீறும், நிற்கும், மறுபடியும் கீறும். அந்தப் பக்கம்தான் ஆளே இல்லையே!

"யம்மா, பெரியம்மா வூட்ல யாரு?"

"எலி."

எலி என்று சொன்னவள், நொண்டிக்கொண்டே போய்ச் சுவரில் காதை வைத்தாள். வைத்த காதை வெகுநேரம் எடுக்கவில்லை. சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தோசைக் கரண்டியை எடுத்துவந்து, விளக்கு மாடத்துக்குக் கீழே, தரையை ஒட்டிக் களிமண் பூசியிருந்த செங்கல்லை நோண்ட ஆரம்பித்தாள். ஒரு கல் ஆடியது. அடுத்ததும் வந்தது. சொம்பு நுழைகிற அளவுக்குக் கறுப்பாக ஒரு பொந்து. அதிலிருந்து அடைபட்ட வீட்டின் காற்று வந்தது. காய்ச்சல் வாடையும் காய்ந்த வேப்பிலை வாடையும் கலந்த காற்று.

"யாரு கிட்டயும் மூச்சு உடக் கூடாது" என்று என் காதோடு சொன்னாள். "ஆத்தா நம்ம சுவத்துல வந்து எறங்கியிருக்கா. மத்தியானத்துல கஞ்சி ஊத்தணும். நாம பாக்கக் கூடாது, பேரு சொல்லிக் கூப்புடக் கூடாது. ஆத்தா வயிறு குளுந்தாத்தான் அப்பா எழுந்து நடப்பாரு."

அப்புறம் தினமும் இதே வேலை. அப்பா மாத்திரை போட்டுக் கண்ணை மூடியதும் அம்மா கல்லை எடுப்பாள். சொம்பைப் பொந்தின் வாயில் வைப்பாள். என்னை அடுப்படிப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்வாள். முதுகுக்குப் பின்னால் சொம்பு கல்லில் உரசிக்கொண்டு உள்ளே போகும். சுவருக்குள்ளே மடக் மடக் என்று விழுங்கும் சத்தம். நடுவில் மூச்சு வாங்கும், இருமும். கொஞ்ச நேரத்தில் காலிச் சொம்பு வெளியே வரும். எனக்குப் பயம்தான். ஆனாலும் ஒரு சந்தோஷம், நம்ம வீட்டு அரிசியை ஆத்தா குடிக்கிறாளே என்று.

எத்தனை நாளைக்குத்தான் திரும்பி நிற்பது? ஒரு நாள் அக்குளுக்குக் கீழே தலையைக் குனித்துப் பார்த்துவிட்டேன்.

பொந்திலிருந்து ஒரு கை வந்தது. முழங்கை வரைக்கும் வந்தது. வளையல் இல்லாத கை, தோல் சுருங்கி, மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்தியிருந்தது. விரல்கள் கோழிக்கால் மாதிரி வளைந்திருந்ததால் சொம்பைப் பிடிக்க முடியாமல், தரையைத் தடவித் தடவி, புறங்கையால் அணைத்து இழுத்துக்கொண்டது. அம்மா தன்னுடைய மடங்காத விரல்களால் அந்தக் கையை ஒரு தடவை மெல்லத் தொட்டாள். தொட்டதும் அது அசையாமல் நின்றது. பிறகு உள்ளே போயிற்று.

இதைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கை யாருடையது என்று தெரிந்திருக்கும். மகனும் வரவில்லை, யாரும் வரவில்லை. கதவைத் தாழ்போட்டுப் படுத்த பெரியம்மாவால் அந்தத் தாழை எட்டித் திறக்க முடியவில்லை. வாசலில் வேப்பிலை தொங்கியதால் யாரும் கதவைத் தட்டவில்லை. கூப்பிட்டிருக்கலாமே என்றால், பாடையைத் தொட விடாதவள் எந்த வாயால் இந்த வீட்டில் சோறு கேட்பாள்? அம்மாவாலும் தெருவுக்குச் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நிமிடம் அப்பாவின் காதுக்கு வந்துவிடும். சத்தியம் என்மேல் இருந்தது. அதனால்தான் கஞ்சியை ஆத்தாளுக்கு ஊற்றினாள். ஆத்தா குடித்தால் சத்தியம் தப்பாது பாருங்கள். இவ்வளவும் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆத்தாளுக்கு விரல் கோணியிருக்கிறது, பாவம், அவளுக்கும் காய்ச்சல் போலிருக்கிறது என்பதுதான்.

தெருவில் ஒவ்வொருவராகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழ ஆரம்பித்தார்கள். அப்பா மட்டும் எழவில்லை, முன்பு தவழ்ந்ததும் நின்றுபோயிருந்தது. புரண்டு படுப்பதற்குக்கூட எங்கள் இருவர் கையையும் எதிர்பார்த்தார். புரட்டும்போது துண்டை வாயில் கடித்துக்கொள்வார். அப்படியும் அலறல் வந்துவிடும். அதனால் அம்மா காலையிலும் மாலையிலும் மட்டுமே அவரைப் புரட்டுவாள். எனக்கு ஆத்தா மேல் கோபமாக வந்தது. இத்தனை கஞ்சி குடித்துவிட்டு எங்கப்பாவுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லையே! பிறகு எனக்கே ஒரு யோசனை உதித்தது. கஞ்சி ஊற்றுகிறவள் அம்மா. அப்பா ஒரு நாளும் ஆத்தாளைப் பார்த்துக் கும்பிடவில்லை. அதனால்தான் அவருக்கு இறங்கவில்லை.

அன்று மத்தியானம் அப்பா சுவர்ப் பக்கமாக முகம் வைத்துப் படுத்திருந்தார். மாத்திரை போட்டு, கண் மூடியிருந்தது. அம்மா கல்லை எடுத்துச் சொம்பை வைத்தாள். நான் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. கை வந்தது. முழங்கை வரைக்கும் வந்து தரையைத் தடவியது.

"அப்பா! எந்திரிப்பா! அங்க பாரு, ஆத்தா கை! கும்புட்டுக்கப்பா, சீக்கிரம்!"

அம்மா என் வாயைப் பொத்த வந்து, நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். சுவரிலிருந்து நீண்டிருந்த கையும் நின்றுவிட்டது. உள்ளே இழுத்துக்கொள்ளவும் இல்லை, சொம்பைத் தொடவும் இல்லை. அப்பா கண்ணைத் திறந்தார்.

அந்தக் கையை அவர் பார்த்தார். பச்சை குத்திய மணிக்கட்டையும் வளைந்த விரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. ஆத்தாளைப் பார்த்தால் அழுகை வரும் என்று எனக்குத் தெரியும், கோயிலில் பார்த்திருக்கிறேன். அதனால் நான் சந்தோஷமாக நின்றேன்.

"பாப்பா" என்றார் மெதுவாக. "என்னெ அந்தப் பக்கமா திருப்பி உடு."

"இப்பவாப்பா? வலிக்குமே!"

"ஆத்தாள நேருக்கு நேரா பாக்கக் கூடாது. திருப்பி உடும்மா."

நான் மண்டியிட்டு அவர் தோளுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்துத் தள்ளினேன். அம்மா நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. துண்டு எட்டாத இடத்தில் கிடந்தது. அப்பா உதட்டையே கடித்துக்கொண்டார். மூட்டு ஒவ்வொன்றும் நொறுங்குவதுபோல் உடம்பு உதறியது. ஆனால் ஒரு சத்தம் வரவில்லை. வாசல் பக்கம் முகம் திரும்பியதும், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு வெயிலைப் பார்த்தபடியே அம்மாவிடம் கேட்டார்.

"கஞ்சில உப்பு போட்டியா? அவுங்களுக்கு உப்பு ஜாஸ்தி வேணும்."

அம்மா முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், உப்புச் சாடியோடு திரும்பி வந்தாள். எனக்கு ஒரே ஆச்சரியம். கோயில் பக்கமே போகாத மனுஷர், ஆத்தாளுக்கு எவ்வளவு உப்பு பிடிக்கும் என்று எப்படித் தெரிந்துவைத்திருக்கிறார்?