சவரிமுத்துக்கு மாற்றாகப் போனவன்

சென்ற வாரம் மெர்கோங்கில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாடு தயாராக இன்னும் நேரம் இருந்தது. கூடத்தில் நண்பரின் கடைசி மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பிய பெண். திரையில் பேஸ்பால்.

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் புரியாது. ஒருவன் எறிகிறான், ஒருவன் அடிக்கிறான். தூரத்தில், புல்வெளியின் ஓரத்தில், நரைத்த தாடியோடு ஓர் ஆள் சும்மா நின்றுகொண்டிருந்தார். கேமரா அவரையே காட்டிக்கொண்டிருந்தது.

யார் என்று கேட்டேன். அவர் அவுட்ஃபீல்டராம். உயரே வரும் பந்தைப் பிடிப்பதற்காக அத்தனை தூரத்தில் நிற்கிறாராம். ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர், இப்போது வயதாகிவிட்டது. வேறோர் அணியிடமிருந்து இந்த அணி அவரைப் போன வாரம்தான் மாற்றி வாங்கியதாம். கிழவனை எதற்கு வாங்கினார்கள் என்று அங்கே ஒரே சண்டையாம்.

“மாற்றி என்றால்... பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்?”

“யாரோ ரெண்டு பசங்கள, அங்கிள். பேரெல்லாம் ஞாபகம் இல்ல.”

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது முழுக்க முழுக்க அந்தப் பெயர் தெரியாத இரண்டு பசங்களின் நினைப்புத்தான்.

ஏனென்றால், நானும் ஒரு கிழவருக்காகக் கொடுக்கப்பட்டவன்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன்பின் எதிலும் நிலைத்து நின்றதில்லை. இருபத்திரண்டு வயதுக்குள் ஆறு தோட்டம், ஒரு மர ஆலை, ஒரு சாப்பாட்டுக் கடை. ஏழாவது தோட்டமாக வந்து சேர்ந்தது, திகாம் பத்து என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் பால்வெட்டு, சாயங்காலம் கால்பந்து. பந்தில் நான் இடது ஓரம். எனக்கு ஓடத் தெரியும். ஓட மட்டும்தான் தெரியும்.

தோட்டங்களுக்குள் கிண்ணப் போட்டி நடக்கும். இரண்டு வருஷமாகக் கடைசி ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டம். அதாவது அங்கே இருந்த சவரிமுத்து. நாற்பதைத் தாண்டிய ஆள். முன்பல் இரண்டு கிடையாது. ஓடவே மாட்டார். எங்கேயோ ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்து எப்படியோ அவர் காலுக்கு வரும். பிறகு நாங்கள் வலையிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டிருப்போம்.

எங்கள் துரைக்குப் பொறுக்கவில்லை. சவரிமுத்து நம் பக்கம் வரவேண்டும் என்றார். ஆனால் ஒரு தோட்டத்து ஆளை இன்னொரு தோட்டம் இழுக்கக் கூடாது என்று துரைமார்களுக்குள் ஒரு கட்டு இருந்தது. இழுக்கக் கூடாது... சரி, மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

ஒரு நாள் விடிகாலை. பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணி என்னைத் தனியாக நிற்கச் சொன்னார். நாளைக்கு லோரி வரும், சாமானைக் கட்டிக்கொள் என்றார். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

“தப்பு ஒண்ணும் இல்லலா. சவரிமுத்து இங்க வர்றான், அவனுக்குப் பதிலா நீ அங்க போற.”

“அவரு வயசென்ன, என் வயசென்ன, ஐயா?”

“அதான் தொரையும் யோசிச்சாரு. ஒன்னோட ஒரு சைக்கிளும் கேட்டாங்களாம். குடுக்கலன்னு சொல்லிட்டாரு.”

ஒரு கிழவருக்கு நான் மட்டும் போதவில்லை, சைக்கிளும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் வரிசை வீட்டு லயத்துக்குள் போவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. குழாயடியில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். இது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற கதைதானே என்று சிரிப்பு. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா கண்ணைத் துடைப்பதுபோல் முந்தானையை எடுத்தார்.

“போற எடத்துல அழுவாம இரு, தம்பி. மாமியார் அடிச்சா ஒரு காயிதம் போடு.”

மறுநாள் திகாம் பத்து முச்சந்தியில் அந்த லோரி நின்றது. சவரிமுத்து இறங்கினார். ஒரு தகரப் பெட்டி, கக்கத்தில் ஒரு சேவல். நான் ஒரு கோணிப்பையோடு ஏறினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தை அல்ல... கால்களை.

“போய்ட்டு வா, மச்சான்,” என்றார்.

நான் மச்சானா? எனக்கு எரிச்சல் வந்தது. கொடுத்து எடுத்த வீட்டு ஆண்பிள்ளைகள் மச்சான் முறைதானே என்று லோரிக்காரர் விளக்கம் வேறு சொன்னார். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

செலம்பாவ் தோட்டம் குன்றும் சரிவும். எனக்குக் கிடைத்த மரங்கள் எல்லாம் சரிவில். மழை பெய்தால் வேலை இல்லை, மழை விட்டால் அட்டை. இரண்டு முறை வாளியோடு உருண்டேன். மூன்று பேரோடு ஓர் அறை, அதில் ஒருவருக்கு இருமல். இதெல்லாம் பெரிய கஷ்டம் என்று நான் சொல்லவரவில்லை. எல்லாருக்கும் அதுதான். ஆனால் மூன்று வாரத்தில் எனக்குக் கால் அரித்தது. பினாங்கில் ஒரு பாய் கடையில் சமையலுக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கிளம்பிவிடுவது என்று முடிவு. தோட்டத்துக் கடைக்காரரிடம் மட்டும் பஸ் நேரம் விசாரித்தேன். அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்துவிடாதீர்கள்.

ஞாயிறு காலை லயத்துப் படியில் உட்கார்ந்திருந்தார் சவரிமுத்து. பக்கத்தில் சைக்கிள். அத்தனை தூரம் மிதித்து வந்திருக்கிறார். முதலில் சேவலைப் பற்றிப் பேசினார். பிறகு மழையைப் பற்றி. பிறகு —

“ஓடப் போறியாமே?”

கோணிப்பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினேன்.

“நீ ஓடுனா என்னையத் திருப்பி அனுப்பிருவாங்க, மச்சான்.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். மாற்றுக்கு ஒப்பந்த எழுத்து எழுதியவர்கள் இரண்டு தோட்டத்துப் பெரிய கிராணிகள். இருவரும் நம் ஆட்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் என்ன வழக்கம்? இங்கே வந்தவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனால், அங்கே போனவளையும் மூட்டை கட்ட வைப்பார்கள் அல்லவா? அதையே எழுத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒருவன் நீங்கினால் மற்றவன் தன் பழைய தோட்டத்துக்குத் திரும்பவேண்டும். துரைமார்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. நல்ல யோசனை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

திரும்பிப் போவதில் இவருக்கு என்ன நஷ்டம்?

அவருக்கு ஒரே மகள். மரியம்மா. கட்டிக்கொடுத்தது நான் விட்டுவந்த அதே திகாம் பத்துத் தோட்டத்தில். தாய் இல்லாத பெண். முதல் பிள்ளை பிறந்த அன்றே இறந்துவிட்டது. இப்போது மறுபடி ஏழு மாதம். மகள் இருக்கிற தோட்டத்துக்கே போய்விடுகிறேன் என்று நாலு வருஷமாகக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் — நீ போனால் பந்துக்கு யார்?

“பந்தாலதான் விடல. இப்ப பந்தாலதான் போயிருக்கேன்.” சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “புள்ள பொறக்குற வரைக்கும் இரு. அப்பறம் ஒன் இஷ்டம்.”

என் வாழ்க்கையில் அதுவரை ‘போ’ என்று சொன்னவர்கள் நிறையப் பேர். ‘இரு’ என்று யாரும் சொன்னதில்லை. கேட்பதற்கு என்னவோபோல் இருந்தது. பார்க்கலாம் என்றேன். பினாங்கு பஸ் பத்தரைக்கு. அவர் பதினொன்று வரை பேசிக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர்.

அடுத்த மாதம் கடைசி ஆட்டம். அதே இரண்டு தோட்டம், ஆள்தான் மாறி நின்றோம். நான் ஓடினேன் — இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். அவர் நின்றார். விடியுமுன் எழுந்து பால்வெட்டுக்கு அலைந்த கால்கள் எல்லாருக்கும். இரண்டாம் பாதியில் இருபத்தொரு பேரும் தள்ளாடினோம். மிச்சம் இருந்தது அவர் கால் மட்டும்தான். கடைசி நேரத்தில் பந்து அவரிடம் போனது. நான் அவரைத் தாண்டி ஓடிவிட்டேன்... நிற்க முடியவில்லை. பின்னாலிருந்து குரல் கேட்டது.

“எங்க ஓடுற, மச்சான்? பந்து இங்க இருக்கு.”

அவ்வளவுதான். ஒன்றுக்குப் பூஜ்யம். நான் விட்டுக்கொடுத்ததாகச் செலம்பாவில் சிலர் பேசினார்கள். இல்லை. அந்த அளவுக்கு நல்லவன் இல்லை நான்.

ஒரு மாதம் போனது. ஒரு மத்தியானம் பழைய லோரிக்காரர் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் என்னைத் தேடி வந்தார். சவரிமுத்து சொல்லி அனுப்பியிருந்தார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். ‘மச்சான் இனிமே போலாம்.’

லயத்துக்குப் போய்க் கோணிப்பையைக் கட்டினேன். கட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தேன். எழுத்து எழுத்துதானே? நான் போனால் அவர் திரும்பவேண்டும். பிள்ளை பிறந்தது கிராணிகளுக்குக் கணக்கா? அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்... கொடுத்த வாக்குக்காக.

பையை அவிழ்த்தேன்.

மூன்று வருஷம் இருந்தேன். அதுவரை எந்த இடத்திலும் நான் அத்தனை நாள் இருந்ததில்லை — என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். சவரிமுத்தின் முழங்கால் ஒரு நாள் முற்றிலும் மடங்கிவிட்டது. அவருக்கு மகள் இருக்கும் தோட்டத்திலேயே பால் கொட்டகையில் காவல் வேலை கிடைத்தது. இனி அவரை யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தது. மறுநாள் பத்தரை பஸ்ஸில் நான் பினாங்குக்கு.

நண்பரின் மகளுக்கு நேற்று போன் போட்டேன். அந்த இரண்டு பசங்களின் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். எதற்கு அங்கிள் என்றார்.

அவர்களுக்கு நரைத்த தாடியோடு ஒரு மச்சான் கிடைத்திருக்கிறார்... யாராவது சொல்ல வேண்டாமா?