ராயப்பன் குரைத்த காலை

போன சனிக்கிழமை பினாங்கின் பத்து காவான் ஊரில் சிவப்பு விளக்குக்காகக் காத்திருந்தபோது, என் காருக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் வந்து நின்றது. பின்னால் கம்பிக்கூண்டு. கூண்டுக்குள் நாலைந்து நாய்கள். உடம்பெல்லாம் சேறு. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. நான் கண்ணாடியை ஏற்றித்தான் வைத்திருந்தேன். இருந்தாலும் அந்த வாடை எனக்கு வந்துவிட்டது. ஈர ரோமமும் டீசலும் காய்ந்த ரத்தமும் கலந்த வாடை. மூக்கு சில சமயம் நம்மைக் கேட்காமலேயே வேலை செய்யும். விளக்கு பச்சையானதுகூடத் தெரியாமல் அந்த வண்டியின் நம்பரை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? ஒன்றுமில்லை. பிக்கப்பைக் கண்டால் சந்தேகப்படுவது எனக்குப் பழகிப்போய்விட்டது. பழக்கியது ஒரு நாய்.

பினாங்குத் தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்த புதிதில் எனக்குக் கல்யாணமாயிற்று. ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு சந்தில் வாடகை வீடு. பத்துப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நிற்குமே, அந்த மாதிரி. நானும் என் கணவர் ஆரோக்கியமும் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். எனக்கு அலுவலகத்தில் பகல் வேலை. அவருக்கு ஷிப்ட். அவர் இரவு ஷிப்ட் போகும் வாரங்களில் நான் தனி. அந்தச் சமயம் பார்த்து சந்தில் திருட்டு ஆரம்பித்தது. பூந்தொட்டி போயிற்று, செருப்பு போயிற்று, ஒரு வீட்டில் தண்ணீர் மீட்டரையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். ரொட்டிக்காரர் ஏன் இரண்டு தடவை வருகிறார்? கேஸ் கொண்டுவருகிறவர் ஏன் உள்ளே எட்டிப் பார்க்கிறார்? பாவம், சிலிண்டரை எங்கே வைப்பது என்றுதான் அவர் எட்டிப் பார்த்தார்.

காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று அலுவலகத்தில் புலம்பினேன். பக்கத்து மேசை ராணி அக்கா பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வருகிறவர்.

"எங்க தோட்டத்துல ஒண்ணு கட்டிக் கெடக்குலா. செம்பனை மரத்துல கம்பியால கட்டிட்டுப் போயிட்டானுங்க. யாரும் கிட்ட போக மாட்டேங்கறாங்க, கட்டுனவன் திரும்பி வந்தா வம்புன்னு" என்றார்.

மறுநாளே போனோம். ராணி அக்காவின் கணவர் இடுக்கியோடு நின்றார். கம்பியை வெட்டும்போது அது கடிக்கும் என்று எல்லாரும் பின்வாங்கினோம். அது கடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டது. அடி எந்தப் பக்கம் விழும் என்று காத்திருப்பதைப் போல.

தவிட்டு நிறம். விலா எலும்பை எண்ணலாம். ஒரு காது பாதிதான் இருந்தது. வலது பக்கம் முழுக்க ஒரு நீளத் தழும்பு, கோணல்மாணலாகத் தைத்த சாக்கு மாதிரி. கழுத்தைச் சுற்றிக் கம்பி அறுத்த பள்ளம். பாலத்தைத் தாண்டும்வரை காரில் மூச்சு விடுகிற சத்தம்கூட வரவில்லை. செத்துவிட்டதோ என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

மிருக வைத்தியர் ஒரு சீனப் பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். தொடையிலும் முதுகிலும் கடுகு சிதறினாற்போல வெள்ளைப் புள்ளிகள். துப்பாக்கி ரவைகள். இது காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த நாய் என்றும், தழும்பு பன்றியின் கோரைப்பல் கிழித்தது என்றும் விளக்கினார். பிறகு சொன்னதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. தடவாதே, கண்ணைப் பார்க்காதே, கூப்பிடாதே. முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார். அதற்கே தோன்றும்போது தானாக வரும். வராமலும் போகலாம்.

சொந்த வீட்டு அடுக்களையில், சொந்த நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்த ஒரே பெண் இந்தப் பினாங்கில் நானாகத்தான் இருப்பேன். அது துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் புகுந்துகொண்டது. விளக்குமாற்றைக் கண்டால் நடுங்கும். ஆரோக்கியம் பெல்ட்டைக் கழற்றினால் ஒன்றுக்குப் போய்விடும். எதிர்வீட்டுச் சேவல் கூவினால் மூக்கைச் சுவரில் புதைத்துக்கொள்ளும். சேவல் கூவியதும் அழுதவர் பைபிளில் இருக்கிறாரே, இராயப்பர் என்கிற பேதுரு, அவர் பெயரையே வைத்துவிடுவோம் என்றார் ஆரோக்கியம். இப்படி அது ராயப்பன் ஆயிற்று. மாமியார் போனில் ஒரு பாட்டம் திட்டினார்.

"சாமி பேரப் போய் நாய்க்கு வெப்பாங்களா? உங்க ரெண்டு பேருக்கும் புத்தி இருக்கா?"

அது என்னை நம்பவில்லை. நானும் அதை நம்பவில்லை, அதுதான் உண்மை. இரவில் அதன் கண் இரண்டும் இயந்திரத்துக்கு அடியில் மின்னும். பன்றியை மடக்கிய பல்லாயிற்றே! திருடனுக்குப் பயந்து நாய் கொண்டுவந்து, அந்த நாய்க்குப் பயந்து படுக்கையறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கினேன். அது குரைக்கவே இல்லை. எங்கள் வாசல் குழாயில் இருந்த பித்தளைத் திருகைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். ராயப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேவலுக்குச் சொந்தக்காரர் எதிர்வீட்டுக் காதர் அண்ணன். நாசி கண்டார் விற்கும் சோற்றுக்கடை வைத்திருந்தார். உடம்பிலிருந்து எப்போதும் வறுத்த பட்டை, கிராம்பு மணம் வரும். நாய் வந்த முதல் நாளே வாசலுக்கு வந்து சொல்லிவிட்டார்.

"நாயி மேல எனக்குக் கோவம் இல்ல தங்கச்சி. தொழுகைக்குப் போற ஆளு நானு. மேல படாம பாத்துக்குங்க. அவ்வளவுதான்."

அவ்வளவோடு நிற்கவில்லை. சில வாரங்களில் அவருடைய கோழிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கூண்டுக்குப் பக்கத்தில் இறகு மட்டும் கிடக்கும். வேட்டை நாய் வந்த பிறகுதானே இது நடக்கிறது? சந்தில் எல்லாரும் எங்கள் வீட்டைப் பார்த்த பார்வை மாறியது. சேவல் கூவினாலே நடுங்குகிற நாய் கோழியைப் பிடிக்குமா என்று நான் வாதாடினேன்.

"நடிக்குதோ என்னமோ, யாரு கண்டா?" என்றார் காதர் அண்ணன், சிரிக்காமல்.

அன்று நான் வீட்டுக்குள் வந்து ராயப்பனின் வாயை முகர்ந்து பார்த்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அது மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஒத்துழைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாசல் கதவு திறந்திருந்தது. திடீரென்று சந்தில் ஒரு சத்தம். மணி அடித்தாற்போல நீளமாக, விட்டு விட்டு, ஒரே சீராக. நாய் குரைக்கிறது என்று புரியவே சற்று நேரமாயிற்று. அந்தக் குரலை நாங்கள் கேட்டதே இல்லையே! ஓடிப்போய்ப் பார்த்தால், காதர் அண்ணனின் கோழிக்கூண்டுக்கு முன்னால் ராயப்பன் நிற்கிறது. அதற்கு எதிரே ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு பியாவாக். சாக்கடையில் திரியுமே, அந்தப் பெரிய உடும்பு. வாயில் ஒரு கோழி. உடும்பு இடப்பக்கம் நகர்ந்தால் ராயப்பனும் இடப்பக்கம் நகர்கிறது. கடிக்கவில்லை. வாலடிக்கு எட்டாத தூரத்தில் நின்று, வழியை மறித்து, யாரோ வந்து மீதியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. காதர் அண்ணன் கையில் கட்டையோடு ஓடி வந்தார். உடும்பு கோழியைப் போட்டுவிட்டுச் சாக்கடையில் விழுந்து போயிற்று.

காதர் அண்ணன் ராயப்பனைப் பார்த்தார். கையில் இருந்த கட்டையைப் பார்த்தார். அதை மெதுவாகக் கீழே வைத்தார், நாய் பார்க்கும்படி. மறுநாளிலிருந்து எங்கள் கேட்டில் ஒரு பையில் ஆட்டெலும்பு தொங்க ஆரம்பித்தது. மசாலா படாத எலும்பு.

ஆரோக்கியம் அந்தக் காட்சியைப் போனில் வீடியோ எடுத்திருந்தார், அதைச் சந்தின் பெயரோடு பேஸ்புக்கில் போட்டார். ஊரே பார்த்தது. பார்க்கக்கூடாத ஒருவனும் பார்த்தான்.

முதலில் பிக்கப் மட்டும் வந்தது. வெள்ளை வண்டி. சந்து முனையில் நிற்கும், போய்விடும். எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆரோக்கியம் சிரித்தார். "உனக்கு ரொட்டிக்காரர் மேலயும்தான் சந்தேகம்" என்றார். அடுத்த வாரம் அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. இறங்கியவன் நம் தமிழ் ஆள். ரப்பர் பூட்ஸ், படிய வாரிய தலை, மெல்லிய பேச்சு. அந்த மரியாதைதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"வணக்கம் தங்கச்சி. இது நம்ம நாயி. குரலக் கேட்டதும் தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் கேட்டைத் திறக்கவில்லை. அவன் இரண்டு விரலை வாயில் வைத்து மெல்ல ஒரு விசில் அடித்தான். எத்தனையோ மாதமாக என் முதுகுக்குப் பின்னால் வராத நாய், நான் கூப்பிட்டு ஒரு தடவைகூட வராத நாய், உள்ளேயிருந்து வந்தது. வயிறு தரையில் தேயத் தவழ்ந்து, வால் நுனி மட்டும் ஆட, நேராக அவனிடம் போய், கேட் கம்பியில் மூக்கை வைத்தது.

"பாத்தீங்களா? மறக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொறாமை என்றே சொல்லிக்கொள்ளுங்கள். கொடுத்துவிடலாம், அதற்கு இவன்தான் வேண்டும்போல என்று கைகூடத் தாழ்ப்பாளுக்குப் போயிற்று. அப்போதுதான் பார்த்தேன், ராயப்பன் தவழ்ந்து வந்த வழியெல்லாம் சிமெண்டில் ஈரம். பயத்தில் ஒன்றுக்குப் போய்க்கொண்டே வந்திருக்கிறது.

கையை எடுத்துவிட்டேன்.

"இத ஏன் மரத்துல கட்டிப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பன்னியக் கண்டு ஓடிருச்சு தங்கச்சி. ஓடுற நாய வச்சு என்ன பண்றது? இப்பத்தான் குரைக்குதே, சரியாயிருச்சு" என்றான், ரேடியோவைப் பழுது பார்த்த மாதிரி. பேசிக்கொண்டே கேட்டுக்கு மேலாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளை அவனே தூக்கினான்.

"தம்பி, கைய எடு."

காதர் அண்ணன் கடைக்குக் கிளம்பியவர், தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வந்து கேட்டுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். நான் உள்ளே ஓடி எக்ஸ்ரேயை எடுத்து வந்தேன். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யவில்லை. கையில் ஏதாவது வேண்டியிருந்தது. காதர் அண்ணன் அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இந்தப் புள்ளியெல்லாம் ரவ. துப்பாக்கி உங்களுதுதானா தம்பி? லைசன்ஸ் இருக்கா? போலீஸ் ஸ்டேஷன் முன்னாலதான். வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போய் நாய் யாருதுன்னு கேட்டுருவோம்."

அவன் சிரித்தான். "ஒரு நாய்க்காக இவ்வளவா?" என்றான். ஆனால் பிக்கப் ஏறிப் போய்விட்டான். காதர் அண்ணன் குனிந்து பார்த்தார். ராயப்பனின் ஈரம் அவருடைய வேட்டி ஓரம் வரை ஓடிவந்திருந்தது. "சரி, குளிச்சிட்டுப் போறேன்" என்று வீட்டுக்குள் போனார்.

கதை அத்தோடு நல்லபடியாக முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ராயப்பன் நினைக்கவில்லை. மறுபடி இயந்திரத்துக்குப் பின்னால் போனது. என் கையால் வைத்ததைத் தொடவில்லை. எல்லாம் முதலிலிருந்து. நான் மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவனுக்காக ஏங்குகிறதோ என்றுகூட ஒரு சந்தேகம் என்னை அரித்தது. மழைக்காலம் வந்து போயிற்று. ஒருநாள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். குதிகாலில் ஏதோ கனத்தது. சூடாக இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. நெத்திலி முழுவதும் தீர்ந்த பிறகும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கால் மரத்துப்போயிற்று. ராயப்பன் தாடையை என் காலில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தது. ரப்பர் பூட்ஸைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஆனால் மத்தியானங்களில் சந்தின் நடுவில் மல்லாந்து, நாலு காலையும் வானத்துக்குக் காட்டித் தூங்கும். கார்கள் ஒதுங்கிப் போகும். காதர் அண்ணன் ஓரமாக வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, "நவாப் எந்திரிக்க மாட்டாரு" என்று சொல்லிச் சுற்றிக்கொண்டு போவார். அப்படித் தூங்கியபடியே ஒரு மத்தியானம் போய்விட்டது. எங்களுக்கு முன்னால் அழுதவர் காதர் அண்ணன்தான்.

பிறகு வீட்டுக்காரர்கள் நிலத்தை விற்றார்கள். காதர் அண்ணன் கடையை மூடிவிட்டு மகனோடு கோலாலம்பூர் போனார். போனில் பேசுவோம், குறைந்துகொண்டே வருகிறது. நாங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிபோனோம். சமீபத்தில் ஜெலுத்தோங் வழியாக வந்தபோது இறங்கிப் பார்த்தேன். சந்து இல்லை. கூரை இல்லை. சாக்கடையைக்கூட மூடிவிட்டார்கள். வானுயரக் கட்டடம், மதில், கேமரா. ராயப்பன் மல்லாந்து கிடந்த இடம் எதுவாக இருக்கும் என்று தடுப்புக் கம்பத்துக்கு முன்னால் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காவலர் கூண்டிலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்து என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"யாரப் பாக்கணும் அக்கா? எந்த வீடு?"

தடுப்புக் கம்பத்துக்கு அப்பால், கார்கள் போகும் பாதையின் நடுவைக் கைகாட்டினேன்.